ஆஸ்காட்டின் வெள்ளை

'மை ஃபேர் லேடி'யின் எந்த வட்டு கைக்கு வந்தாலும் நான் முதலில் ஓடவிடுவது ஆஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சியைத்தான். 1964இல் ஜார்ஜ் குகோர் எடுத்த வண்ணப்படம் இது. ஆனால் அந்தக் காட்சியிலிருந்து மட்டும் ஆடை வடிவமைப்பாளர் செசில் பீட்டன் வண்ணத்தை ஏறக்குறைய விலக்கிவிட்டார். சீமாட்டிகள் கறுப்பும் வெள்ளையுமாக, கனவான்கள் சாம்பல் கோட்டில். நடுவே பழுப்பு ட்வீட் உடுப்பில் பேராசிரியர் ஹிக்கின்ஸ்.

மங்கிய படத்தை மீட்டெடுத்தவரின் கைத்திறனுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. சிவப்பு கொஞ்சம் கூடினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். வெள்ளையில் துளி நீலமோ மஞ்சளோ ஏறிவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடும். எலைசாவாக வரும் ஆட்ரி ஹெப்பர்னின் லேஸ் கவுனைப் பாருங்கள். லேஸ் ஒரு வெள்ளை, அவர் முதுகுப்புறத்துச் சுவர் இன்னொரு வெள்ளை. இரண்டும் ஒன்றாகிக் கூசினால், படத்தைப் பளிச்சென்று காட்டும் ஆசையில் யாரோ வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த வெள்ளையை மீட்பது எளிதல்ல. ஈஸ்ட்மேன் வண்ண நெகட்டிவில் மூன்று சாய அடுக்குகள் உண்டு; அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால் நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் வேறொரு நிறத்துக்கும் சாயும். மொத்தப் படத்துக்கும் ஒரே திருத்தம் போட்டால் முகம் சரியாகும், தொப்பி கெடும். ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் 1994இல் இந்தப் படத்தைச் சிதைவிலிருந்து காப்பாற்றினார்கள். 2011இல் வந்த ப்ளூ-ரே ஏமாற்றம்தான். 2015இல் 65 மி.மீ. மூலங்களை 8கே அளவில் ஸ்கேன் செய்து புதிதாக மீட்டார்கள். 65 மி.மீ. நெகட்டிவில் ஒரு ஃப்ரேமின் பரப்பு வழக்கமான 35 மி.மீ. ஃப்ரேமைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஹாரி ஸ்ட்ராட்லிங்கின் ஒளிப்பதிவில் கம்பளித்துணியின் இழை வரை தெரிகிறதென்றால் அந்தப் பரப்புதான் காரணம்.

இவ்வளவு பெரிய ஃப்ரேமில் கிரெய்ன், அதாவது படச்சுருளின் மணித்துகள், மிக நுண்ணியது. ஆனால் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை இரைச்சல் என்று நினைத்துக் கணினியில் வழித்தெடுத்தால் கன்னம் மெழுகாகிவிடும். பின்னணி மங்கலாக இருக்கும் இடங்களில் திரைக்கு அருகே போய்ப் பார்ப்பேன். மெல்லிய துடிப்பு தெரிந்தால்தான் நிம்மதி.

ஒலியிலும் இதே நேர்மையைக் கேட்கிறேன். முன்பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க, ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் மறுத்துவிட்டார். டைக்குள் ஒளித்த கம்பியில்லா மைக்கோடு படப்பிடிப்புத் தளத்திலேயே பேச்சும் பாட்டுமாகப் பாடினார். நல்ல மீட்டெடுப்பில் அவர் குரலைச் சுற்றி அந்த அறையின் காற்று கேட்கும். ஹெப்பர்னின் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் மார்னி நிக்சன் குரல் கொடுத்தார். ஆனால் ஹிக்கின்ஸ்மேல் எலைசா கறுவும் பாட்டு ஹெப்பர்னின் சொந்தக் குரலில் தொடங்குகிறது. உச்சத்துக்கு ஏறும்போது நிக்சன் வாங்கிக்கொள்கிறார். ஒலி துலங்கத் துலங்க அந்தத் தையலும் கேட்கத்தான் செய்யும். அதை இழைத்து மறைக்காமல் விடுவதே மரியாதை என்பேன். அந்தப் படம் உருவான விதம் அந்தத் தையலில் இருக்கிறது.

வாங்குவதென்றால் 2015க்குப் பிந்தைய ப்ளூ-ரே, அல்லது 2021இல் வந்த 4கே வட்டு. போடுமுன் தொலைக்காட்சியின் 'விவிட்' அமைப்பையும், அசைவை வழுக்கலாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸையும் குறையுங்கள். இல்லாவிட்டால் ஹாரிஸ் மீட்டுக் கொடுத்த வெள்ளையை உங்கள் வரவேற்பறைப் பெட்டியே நீலமாக்கிவிடும்.