குறியும் பொருளும்: நாடிநோய்க் குறிகாட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரலாம் என்பர் அளவை நூலார். ஆயின் புகையைக் கலைத்துவிட்டு நெருப்பை அணைத்ததாகக் கூறுவார் இலர். மருத்துவ ஆய்வுலகில் இம்மயக்கம் அரிதன்று. குறிக்கும் அது சுட்டும் பொருளுக்குமுள்ள உறவை ஆராய்தல் திறனாய்வின் தொழிலாதலின், கலைப்பீட மாணவர் இதுபற்றி வினவுதல் பொருந்தும்.

நீரிழிவாளரின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிந்து கால்களுக்குச் செல்லும் குருதி குன்றும்போது, அடைப்பைக் கடக்கச் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. அதன்பின் நோயின் போக்கைக் குருதியிலுள்ள சில பொருள்களைக் கொண்டு கணிக்க முயல்வர். அவற்றுள் ஒன்று, ஈரல் சுரக்கும் சீ-எதிர்வினைப் புரதம். அழற்சியின் அடையாளமான இது நாடிநோயில் உயரும். சத்திரசிகிச்சைக் காயத்தாலும் பன்மடங்கு உயர்ந்து, இரண்டு மூன்று நாள்களில் உச்சமடையும். எனவே அந்நாள்களிற் பெற்ற அளவு பெரிதும் காயத்தையே காட்டும். குளுக்கோசு பிணைந்த ஈமோகுளோபின் முந்திய இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டுவது. குருதியிழப்பும் குருதியேற்றமும் நிகழ்ந்தபின் அதன் நம்பகமும் குன்றும்.

அளவீடு சரியாயினும், அது குறைந்தால் நோயாளி உய்வாரா என்பது வேறு வினா. 10,251 நீரிழிவாளரை உட்படுத்திய ‘அக்கோர்ட்’ ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. மேற்குறித்த ஈமோகுளோபின் அளவை 6 சதவீதத்திற்குக் கீழே கொணர முயன்ற பிரிவில் அவ்வளவு குறைந்தது. எனினும் அப்பிரிவில் 257 பேர் இறந்தனர். வழமையான சிகிச்சைப் பிரிவில் இறந்தோர் 203 பேரே. கடுஞ்சிகிச்சை இடையில் நிறுத்தப்பட்டது.

இதனாற் குறிகாட்டிகள் யாவும் பயனற்றவை எனக் கொள்ளலாகாது. 1994இல் வெளிவந்த ஸ்கந்திநேவிய ஆய்வில், இதயநோயாளர் 4,444 பேருள் சிம்வாஸ்டற்றின் பெற்றோரிடையே தாழ் அடர்த்திக் கொலஸ்திரோலுடன் மரணங்களும் குறைந்தன: மாற்றுப்போலி பெற்ற பிரிவில் 256, மருந்து பெற்ற பிரிவில் 182. இங்கு குறி, நோய்க்குக் காரணமாகவும் அமைந்தது.

2020இல் வெளிவந்த ‘வொயேஜர்’ ஆய்வு பின்பற்றத்தக்கது. கால் நாடிச் சிகிச்சை பெற்ற 6,564 பேரில் அது முதன்மையாக நோக்கியது கால் இழப்பு, மாரடைப்பு, பக்கவாதம், மரணம் முதலியவற்றையே. அஸ்பிரினுடன் ரிவரொக்ஸபான் பெற்றோருள் மூன்றாண்டுகளில் 17.3 சதவீதத்தினரும், அஸ்பிரின் மட்டும் பெற்றோருள் 19.9 சதவீதத்தினரும் இவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர். நன்மை சிறிதே, குருதிப்பெருக்கு அபாயமும் உண்டு. எனினும் இவ்வெண்கள் நோயாளிக்கு நேர்ந்தவற்றை நேரே கூறுகின்றன.

எனவே, குருதியில் ஒரு பொருள் குறைந்தது என மகிழும் ஆய்வு எதனைக் காணினும், நோயாளியின் காலும் உயிரும் காக்கப்பட்டனவா என வினவுதல் நம் கடனாகும்.