படைவீரர் உவமை போதுமா?

நோய் எதிர்ப்பைப் பற்றிய நம் நூல்கள் பலவும் வெள்ளணுக்களைப் படைவீரர்களாக்கிவிடுகின்றன. பகைவனைக் கண்டார், பாய்ந்தார்! படிக்கச் சுவைதான். ஆனால் வாசகரே, குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைப்பவரின் கைகளைப் பாருங்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்ட இடம் சிலருக்கு ஓரிரு நாள் கழித்தே அரித்துத் தடிக்கிறது. கிருமி ஏதுமில்லை, இங்கே பகைவன் யார்?

நடப்பது வேறு. எண்ணெய்ப் பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை அயலாகக் காட்டுகிறது. அதுவரை தூண்டப்படாத டி செல் அதை இனங்கண்டாலும் உடனே கிளம்பாது. இனங்காணல் முதற்சைகை, அதனால் செல்லுக்குள் கால்சியம் பெருகும். அயற்பொருளை ஏந்திவரும் செல்லிடமிருந்து இரண்டாவது சைகையும் வந்தால்தான் உட்கருவில் தேவையான ஜீன்கள் முழுமையாக விழித்து, டி செல் பலவாகப் பெருகும். முதற்சைகை மட்டும் என்றால் பெரும்பாலும் மரத்துப்போகும். அப்படிப் பெருகியவைதாம் அடுத்தமுறை எண்ணெய் படும்போது அரிப்பைத் தருகின்றன.

இந்த இரட்டைப் பூட்டு அலங்காரமன்று. 2006இல் லண்டனில், இரண்டாவது சைகையை வாங்கும் சி.டி.28 என்ற புரதத்தை நேரே தூண்டும் மருந்தை நலமான ஆண்கள் 6 பேருக்குச் செலுத்தினர். முதற்சைகைக்குக் காத்திராமலே செல்கள் பொங்கியெழுந்தன. ஆறு பேரும் ஒரு நாளுக்குள் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். வீரர்கள் மிகுந்தால் நல்லதுதானே என்று உவமையை நம்பிய மாணவன் கேட்பான். எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விற்கும் பொடியையும் அவனே வாங்குவான்.