அதே தோடி, வேறொரு மேடை

சென்னையிலும் குளிர்காலமா என்று டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற டிசம்பர் நடுவில் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே மயிலாப்பூர்ப் பெரியவர்கள் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டுவிடுவார்கள். அந்த இளங்குளிரை நம்பி வருகிற வெளியூர்க்காரர் கையில் வழக்கமான ஒரு பட்டியல் இருக்கும்: மெரினா, மாமல்லபுரம், கபாலீசுவரர் கோயில், தி. நகரில் பட்டுப்புடவை. இவையெல்லாம் ஆனியிலும் உண்டு, ஆவணியிலும் உண்டு. மார்கழியில் வியர்க்காமல் பார்க்கலாம், அவ்வளவுதான். மார்கழிக்கென்றே இந்த ஊர் வைத்திருப்பது கச்சேரி சீசன் ஒன்றைத்தான். ஆனால் அதற்கென்றே விமானம் ஏறி வருகிறவர்களிலும் பலர் அதைத் தவறாக அனுபவிக்கிறார்கள் என்பது என் கட்சி. பெரிய பெயர்களாகப் பொறுக்கி டிக்கெட் வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று சபா ஏறி இறங்கி, யார் யாரைக் கேட்டோம் என்று கணக்கோடு ஊர் திரும்புகிறார்கள். சீசன் தருகிற பெரிய வாய்ப்பு வேறு. ஒரே ராகத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே கீர்த்தனையை, ஒரு வாரத்துக்குள், ஒரு ஆட்டோ சவாரி தூரத்துக்குள் இரண்டு மூன்று பேர் பாடக் கேட்கலாம். கேட்கிறவர் ரசிகராவது அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான்.

ஒப்பிட்டுக் கேட்பது இந்த சீசனோடு கூடவே பிறந்த குணம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி எழுந்தது. அதன் ஆண்டு மாநாடு பிறகு டிசம்பருக்கென்று நிலைத்தது. மார்கழி விடியலில் வீதி பஜனை போகிற வழக்கம் இதற்கு வெகு முந்தியது. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடத்திய பஜனையை ஊர் இன்னும் மறக்கவில்லை. சபா சீசனை அந்த பஜனையின் நேர் வாரிசாகச் சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். உண்மையில் இதற்குத் தேதி குறித்துக் கொடுத்தது கிறிஸ்துமஸ் லீவு. கோர்ட்டும் ஆபீசும் மூடியிருக்கிற வாரத்தில் வித்வான்கள் கூடி, இந்த ராகத்தில் இந்தப் பிரயோகம் உண்டா, இந்தக் கீர்த்தனைக்கு எந்தப் பாடாந்தரம் சரி என்று பாடிக் காட்டி வாதாடினார்கள். இன்றைக்கும் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் தொடங்குகிற விளக்க உரைகளில் அந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. மாலைக் கச்சேரிக்கு இடம் கிடைக்காதவர் இதற்குப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அகாடமியைவிட மூத்தது 1900இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா. பின்னால் வந்தவை நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகாலில் நடக்கிற தியாக பிரம்ம கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று நீளும். அகாடமியிலிருந்து நாரத கான சபாவுக்கு டி.டி.கே. சாலையிலேயே நடந்து போய்விடலாம். ஆலிவர் ரோட்டுக்கு முசிறி சுப்பிரமணியம் பெயரும், க்ரிஃபித் ரோட்டுக்கு மகாராஜபுரம் சந்தானம் பெயரும் வைத்திருக்கிற ஊர் இது. சபாவுக்கு வழி கேட்டாலே வித்வான் பெயர் வாயில் வந்துவிடும்.

தோடியை எடுத்துக்கொள்வோம். எட்டாவது மேளம். மாலைக் கச்சேரியில் மெயினாக எடுக்க வித்வான்கள் விரும்புகிற பெரிய ராகங்களில் ஒன்று. அதன் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது. காகிதத்தில் அதற்கு சாதாரண காந்தாரம் என்று பெயர். தொண்டையில் அது ஓரிடத்தில் நிற்பதே கிடையாது. ரிஷபத்தின் பக்கம் தோய்ந்து, மத்யமத்தைத் தொட்டு, அசைந்துகொண்டே இருக்கும். ஆர்மோனியத்தின் ஒற்றைக் கட்டையில் இது அகப்படாது. முதல் தடவை கேட்கிறவருக்கு சுருதி தடுமாறுகிறதோ என்றுகூடத் தோன்றலாம். நாலு நாள் கழித்து வேறொரு மேடையில் வேறொருவர் தோடி எடுக்கும்போதுதான், அது தடுமாற்றமில்லை, ராகமே அந்த அசைவில்தான் நிற்கிறது என்று காது ஒப்புக்கொள்கிறது. ஒருவர் அந்தக் கமகத்தை அகலமாக, அவசரமில்லாமல் விடுவார். காந்தாரத்தையே சுற்றிச் சுற்றி ஐந்து நிமிஷம் போக்குவார். இன்னொருவர் அதைச் சுருக்கமாக மடித்துக்கொண்டு பிருகாக்களில் தார ஷட்ஜத்துக்கு ஏறிவிடுவார். மூன்றாமவர் பஞ்சமத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து வெகுநேரம் சஞ்சாரம் செய்து, சபை அதற்கு ஏங்கத் தொடங்கிய பிறகு அதில் வந்து உட்காருவார். இந்த மூன்றையும் வருஷத்துக்கு ஒன்றாகக் கேட்டால் மூன்று நல்ல ஆலாபனைகள் கேட்டதாக முடிந்துபோகும். ஒரே வாரத்தில் கேட்டால் எது தோடி, எது பாடுகிறவர் என்று பிரித்தறிய வரும். எல்லோரிடமும் இருந்தது ராகம். ஒருவரிடம் மட்டும் இருந்தது அவருடைய பாணி. போகிற போக்கில் ஒரு நல்ல நாகஸ்வரத் தோடி கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடியின் சாயல் இன்றைய வாய்ப்பாட்டிலும் எட்டிப் பார்ப்பது அப்போது புரியும்.

கீர்த்தனையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’ கரகரப்பிரியாவில் இரண்டு களை ஆதியில் அமைந்தது. மெயினாக அடிக்கடி வரும். பல்லவியின் ஒரே வரி சங்கதி சங்கதியாக விரிந்துகொண்டே போகும். சொல் மாறாது, ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு ஒரு வளைவு கூடும், ஒரு உயரம் கூடும். எத்தனை சங்கதி, எந்த வரிசை, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் குருவுக்குக் குரு வேறுபடும். காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால் அதே பாட்டு கம்பீரமாக நடக்கும். அரைப் பங்கு முடுக்கினால் துள்ளும். சரணத்துக்கு வந்து நிரவலுக்கு நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒற்றை வரியை ஒருவர் மந்தரத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் வயலினுக்கு இடம் விட்டு, மெல்ல மெல்ல ஏற்றுவார். மற்றவர் நாலைந்து சுற்றிலேயே மேல்காலத்துக்குப் போய்விடுவார். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அடுத்தடுத்துக் கேட்டவருக்கு இரண்டில் ஒன்று நிச்சயம் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று அவராலேயே சொல்லவும் முடியும்.

பக்கவாத்தியக்காரர்களைக் கவனித்தால் இந்த விருந்து இரட்டிப்பாகும். பாடகர் தன் மேடையில் தன் போக்கில் பாடிவிட்டுப் போய்விடலாம். மிருதங்கக்காரரும் வயலின்காரரும் இன்று ஒரு சபாவில் துரித காலத்தில் பாடுகிறவருக்கும், நாளை இன்னொரு சபாவில் விளம்பத்தில் திளைக்கிறவருக்கும் வாசித்தாக வேண்டும். திங்கட்கிழமை சொற்களை மழையாகக் கொட்டிய அதே விரல்கள் வியாழக்கிழமை ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள மௌனத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தனி ஆவர்த்தனத்திலும் அப்படித்தான். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, சுற்றுகளைக் குறுக்கிக்கொண்டு வந்து, சேர்ந்து மோரா வைத்து, கோர்வையை மூன்று தடவை அடித்துப் பாட்டின் எடுப்பில் கொண்டுவந்து சேர்க்கிற பத்துப் பதினைந்து நிமிஷம், கச்சேரியின் கணக்கெல்லாம் வெளியில் தெரிகிற நேரம். அந்த நேரமாகப் பார்த்துப் பாதி சபை எழுந்து கேன்டீனுக்குப் போவது சீசனின் நெடுநாள் அவமரியாதை. கீரை வடை ஆறிப்போகாது, ஆறினாலும் பாதகமில்லை.

இப்படி ஒப்பிட்டுக் கேட்பதற்கு வருகிற முதல் ஆட்சேபம், அதே தோடி, அதே கல்யாணி, அதே சங்கராபரணம், அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்பது. புதிய உருப்படிகள் இன்னும் வர வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பெரிய ராகங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இந்தக் கலையின் சூட்சுமத்தைத் தவறவிடுகிறார்கள். எழுதிவைத்ததை வாசிக்கிற சங்கீதமாக இருந்தால் சலிக்கலாம். இங்கே ஆலாபனையும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் மேடையிலேயே உருவாகின்றன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சீர்படுத்திய வர்ணம், கீர்த்தனை, மெயின், தனி, துக்கடா என்கிற வரிசை எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் அதற்குள் ஒருவர் எங்கே மீறுகிறார், எங்கே அடங்குகிறார் என்று தெரிகிறது. பொதுவான பாதை இல்லாத இடத்தில் யார் விலகி நடந்தார் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது ஆட்சேபம், ராகமே தெரியாத விருந்தாளி எதை ஒப்பிடுவார் என்பது. இலக்கணம் தெரிந்த பிறகுதான் ரசிக்கலாம் என்ற பயம் சபாக்களைச் சுற்றி வீணாக வளர்த்துவிடப்பட்ட ஒன்று. முன்கூட்டிப் பாட்டுப் பட்டியல் தருகிற வழக்கம் கச்சேரிகளில் பெரும்பாலும் இல்லை. பக்கத்து இருக்கையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிற மாமியிடம் என்ன ராகம் என்று கேட்க வேண்டியதுதான். ராகத்தின் பெயரும் அதில் வேறு என்னென்ன பாட்டு உண்டு என்பதும் சேர்ந்தே வரும், சில சமயம் அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் நிற்காமல் வரும். பெயரைக் குறித்துக்கொண்டு, அதே பெயர் மறுபடி காதில் விழும்போது நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். பத்து நாளில் தோடி, கல்யாணி, காம்போஜி, பைரவி, கரகரப்பிரியா இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருமுறை வராமல் போவது அரிது.

யூடியூபில் எல்லாமே இருக்கிறதே என்பது மூன்றாவது. இருக்கிறது, ஊரில் உட்கார்ந்து ஐம்பது தோடி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அங்கே கேட்பதெல்லாம் ஏற்கனவே யாரோ நன்றாக இருக்கிறது என்று பொறுக்கி வைத்தவை. மேடையில் தோடி தேங்குவதும், வித்வான் வழி தேடுவதும், வயலின்காரர் ஒரு பிடியைக் கொடுத்து அவரை மீட்பதும் அந்தப் பொறுக்கலில் தங்குவதில்லை. ஒரு கலைஞர் எவ்வளவு பெரியவர் என்பதை அவருடைய நல்ல நாள் மட்டும் சொல்லிவிடாது.

குறைகளை மறைப்பதில் லாபமில்லை. ஒரே மாதத்தில் பல மேடை ஏறுவதால் டிசம்பர் கடைசியில் தொண்டைகள் களைத்துப்போகின்றன. பனியும் புழுதியும் வேறு. ஒலிபெருக்கியை வேண்டாத அளவுக்கு ஏற்றி மிருதங்கத்தைத் தகர டப்பாவாக்குகிற அரங்குகள் உண்டு. மத்தியானக் கச்சேரிகளில் மேடையில் இருப்பவர்களையும் கீழே இருப்பவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் சொன்னது வருகிறவருக்கு அனுகூலம்தான். பல சபாக்களில் பகல் நேரத்து இளம் கலைஞர்களுக்கு டிக்கெட் கிடையாது, முன் வரிசையிலேயே உட்காரலாம். மாலையில் குருவையும் மத்தியானத்தில் சீடரையும் கேட்டால் ஒரு பாணி எப்படிக் கைமாறுகிறது என்பதும் தெரியும்.

கனமான குறை இன்னொன்று உண்டு. இந்த சபாக்களின் மேடையும் இருக்கைகளும் வெகுகாலம் ஒரு சமூகத்தின் வட்டத்துக்குள் இருந்தன. தமிழ்ப் பாட்டு துக்கடாவுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் எழுந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943இல் தோற்றுவித்த தமிழ் இசைச் சங்கம் பாரிமுனைப் பக்கத்து மன்றத்தில் இன்றும் டிசம்பர் விழாவை நடத்துகிறது. தேவாரப் பண்களை ஆராய்கிற கூட்டமும் அங்கே நடக்கிறது. 2020இல் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் இதே மாதத்தில் மேடையேற்றுகிறது. ஒப்பிட்டுக் கேட்பதே ரசனை என்று சொல்லிவிட்டு ஆழ்வார்ப்பேட்டை எல்லையோடு நின்றுகொள்வது நியாயமில்லை. தோடியில் காந்தாரம் படுகிற பாட்டைக் கேட்ட காதோடு ஒப்பாரிப் பாட்டுக்காரர் குரலை வளைத்து இறக்குவதையும் கேட்க வேண்டும். இரண்டையும் கேட்காமல் இந்த ஊரின் சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவர் பாதிதான் பேசுகிறார்.

ஆகவே டிசம்பரில் சென்னைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாளைக்கு ஒரு மாலைக் கச்சேரி, கூட ஒரு மத்தியானக் கச்சேரி, அதற்கு மேல் வேண்டாம். போகிற கச்சேரியில் வர்ணத்திலிருந்து மங்களம் வரை உட்காருங்கள், தனிக்கு எழுந்திருக்காதீர்கள். நேற்று கேட்ட தோடியையே இன்றும் பாடகர் எடுத்தால், இதையா மறுபடி என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். டிக்கெட் காசுக்கு மேலே கிடைக்கப்போவது அன்றைக்குத்தான்.