வல்லூறுக்கும் புர்கா

அரபு வளைகுடாவில் வேட்டை வல்லூறின் கண்களை மூடும் சிறிய தோலுறைக்குப் பெயர் புர்கா. அங்குள்ள பெண்களின் பழைய முகமூடிக்கும் அதே பெயர்தான். தலைமுதல் கால்வரை மறைக்கும் கறுப்பு அங்கியை இங்கே நாம் புர்கா என்கிறோம், இது வேறு. புருவம், மூக்கு, மேலுதடு இவற்றை மட்டும் மறைக்கும், உலோகம்போல மின்னும் துணி. நடுவே மூக்கின்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சி. வல்லூறின் அலகைப் போலிருக்கிறது என்று அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு.

இந்த உவமையை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். வல்லூறுகளில் பெண்ணே உருவில் பெரியது. வேட்டைக்குப் பெரிதும் விரும்பப்படுவதும் அதுதான். ஆனால் நாட்டின் சின்னத்தில் சிறகு விரிக்கும்போது அந்தப் பறவை ஆண்களின் வீரமாகிவிடுகிறது. 2010இல் வல்லூறு வேட்டை யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டே ஐக்கிய அரபு அமீரகத்தின் பதூயினப் பெண்கள் ஆட்டுமயிரிலும் ஒட்டகமயிரிலும் நெய்யும் அல் சது நெசவையும் யுனெஸ்கோ ஏற்றது. ஆனால் அது சேர்ந்தது உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில். ஆணின் கையில் அமர்ந்த பறவைக்குக் கொண்டாட்டம். பெண்ணின் கையிலிருந்த தறி அருகிக்கொண்டிருந்தது.

அமீரகக் கலைஞர் கரீமா அல் ஷொமேலி இந்த முகமூடியையே தன் முனைவர் பட்ட ஆய்வாகவும் கலையாகவும் எடுத்துக்கொண்டவர். அலகின் வடிவத்தைவிட, துணி தோலைத் தொடும் இடமே அவருக்கு முக்கியம். இந்தியாவிலிருந்து போன துணி அது. அவுரிச் சாயம் ஏற்றியது. வெயிலில் சாயம் முகத்தில் இறங்கும், முகத்தின் வியர்வை துணியில் ஏறும். அணிந்தவளின் அந்தத் தடம்தான் அவர் கலையின் பொருள்.

வல்லூறின் உறையை வேட்டைக்காரன் கழற்றுவான். பெண்ணின் முகமூடியை யார் கழற்றுவது என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அதை வெட்டித் தைத்தவள் யார், அணிந்தபோது அவள் என்ன உணர்ந்தாள் என்ற கேள்விகள் பிறகுதான் தோன்றின. அந்தத் தாமதம் என்னை உறுத்துகிறது.

சொல் ஒன்றாயிருப்பதால் பறவையும் பெண்ணும் ஒன்றாகிவிடுவதில்லை. பறவை தன் உறையைத் தானே தைத்துக்கொள்வதில்லை.