நிச்சயமற்ற காலத்தின் ‘தம்புரான்’: தெய்வ தசகத்தின் சொல்லாட்சியும் தமிழாக்கமும்

கொச்சி மாநகராட்சியின் தென்பகுதியில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே அமைந்த ஊர் பள்ளுருத்தி. இவ்வூரின் ஸ்ரீபவானீசுவரர் கோயில் 1916ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குருவால் பிரதிட்டை செய்யப்பெற்றது. அதற்கு ஈராண்டுகட்கு முன்னர், 1914இல், அவர் மலையாளத்தில் இயற்றிய பத்துப் பாடல்கள் ‘தெய்வ தசகம்’ என வழங்குகின்றன. கேரளத்தின் இல்லங்களிலும் ஸ்ரீநாராயண இயக்கத்தார் கூட்டங்களிலும் இன்றும் ஓதப்பெறும் வழிபாட்டுப் பாடல் இது. இறைவனின் ஆளுகையையும் அவனது நன்மையையும் ஒருசேர நம்பி நிற்கும் மனநிலை இதில் எவ்வாறு சொல்வடிவம் பெறுகிறது, அதனைத் தமிழில் தருவோர் எவ்விடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

‘நம்பிக்கை’ இல்லாத நம்பிக்கைப் பாடல்

முதற்கண் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நம்பிக்கை, விசுவாசம் என்னும் பொருள்படும் பெயர்ச்சொல் எதுவும் இப்பத்துப் பாடல்களிலும் இல்லை. விளி, வேண்டுகோள், ‘நீயே’ என்னும் தேற்றம் ஆகியவற்றாலேயே அம்மனநிலை உணர்த்தப்பெறுகிறது. தமிழாக்கம் செய்வோர் பொருளை விளக்கும் ஆர்வத்தால் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லை இடையே சேர்க்க விழையலாம். அது பொருத்தமன்று.

அச்சொல்லின் பொருளே நிலைத்து நிற்பதன்று. தமிழ் விவிலியப் பழைய பெயர்ப்புகளில் ‘விசுவாசம்’ ஒன்றையும் ‘நம்பிக்கை’ வேறொன்றையும் குறித்தன; பின்னது எதிர்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பைச் சுட்டியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் முன்னதன் இடத்தை ‘நம்பிக்கை’ பெற, பின்னதற்கு ‘எதிர்நோக்கு’ வந்தது. பேச்சு வழக்கிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ‘அவர் வருவார் என்று நம்புகிறேன்’ என்பதில் ஐயம் கலந்திருக்கிறது. ‘அவரை நம்புகிறேன்’ என்பதில் அவ்வையம் இல்லை. முன்னது நிகழ்ச்சியைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. நாளை நிகழ்வது யாதென அறியாதவனும் இரண்டாம் வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல இயலும். தெய்வ தசகம் முழுவதும் இந்த இரண்டாம் வகையினதே.

ஆவிவன்தோணி

முதற் பாடலில் இறைவன் மாலுமியாகவும், அவன் திருவடி பிறவிக்கடலைக் கடத்தும் கலமாகவும் உருவகம் பெறுகின்றன. பிறவியைக் கடலாகவும் இறைவனைப் புணையாகவும் காண்பது தமிழ்ப் பத்தி இலக்கியத்துக்குப் புதிதன்று. ஆயின் குரு இங்கு ஆளும் சொல் புணையோ தெப்பமோ அன்று, ‘ஆவிவன்தோணி’. ஆவி, வன்மை, தோணி என மூன்றும் தமிழர்க்கு விளங்கும் சொற்களே. மூன்றும் கூடி நீராவிக் கப்பலைக் குறிக்கின்றன.

இவ்வுருவகத்தின் வலிமையைக் கொச்சிக் கரையில் நின்றே உணர்தல் வேண்டும். 1914இல் கொச்சி முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்திருந்தது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. மழைக்காலத்தில் அவற்றை அணுகுவதே அரிது. திட்டு வெட்டப்பெற்று உள்துறைமுகத்துள் கப்பல் நுழைந்தது 1928இல்தான். பாய்மரக் கலம் காற்றின் தயவை நோக்கியிருப்பது. நீராவிக் கப்பலோ காற்று எதிர்த்தாலும் தன் திசையில் செல்வது. அதில் ஏறியவன் வழியை அறியான். செலுத்துவோனை மட்டும் நம்புகிறான். இதனை ‘ஓடம்’ என்றோ ‘தெப்பம்’ என்றோ பெயர்த்தால் மரபின் இனிமை கிட்டும். காற்றுக்குக் கட்டுப்படாத ஆளுகை என்னும் கருத்து நழுவிவிடும். சொல் சற்றே கரடாயினும் ‘ஆவிக்கலம்’ போன்றதொன்றே பொருந்தும்.

‘தம்புரான்’ என்னும் சொல்

மூன்றாம் பாடல் உணவு, உடை ஆகிய அன்றாடத் தேவைகளைப் பேசி, அவை முட்டின்றிக் கிடைக்கச் செய்பவனைத் ‘தம்புரான்’ என்று முடிக்கிறது. இம்முடிவே நம் ஆய்வுக்கு மையமாவது.

தமிழில் ‘தம்பிரான்’ என வழங்கும் இச்சொல் தம் + பிரான் எனப் பிரியும். ‘பிரான்’ என்பதற்கு வைணவ உரையாசிரியர்கள் ‘உபகாரகன்’ என்று பொருள் காண்பர். எனவே தலைமையும் நன்மை செய்தலும் இச்சொல்லில் தொடக்கத்திலேயே கூடியிருந்தன. சுந்தரரைத் ‘தம்பிரான் தோழர்’ என்றழைத்த சைவ மரபு அத்தலைமையோடு நட்பையும் சேர்த்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான என்றீக்கு என்றீக்கசு பாதிரியாரின் நூல் ‘தம்பிரான் வணக்கம்’ எனப் பெயர் பெற்றதும், அடுத்த ஆண்டே கொச்சியில் அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியதும் மொழிபெயர்ப்பு வரலாற்றில் நினைக்கத்தக்கவை. பின்னர் வந்தோர் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொற்களை மாற்றிக்கொண்டே சென்றனர். அவற்றுள் ஆளுகையைச் சுட்டுவன உண்டு. கடந்த நிலையைச் சுட்டுவன உண்டு. ‘பிரான்’ தந்த உபகாரப் பொருளை அவற்றுள் எதுவும் தன் சொல்லளவில் தரவில்லை.

மலையாள வழக்கில் ‘தம்புரான்’ அரசனைக் குறித்தது. கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான் (1751-1805) பெயரே சான்று. ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்சாதி நிலவுடைமையாளரையும் இச்சொல்லாலேயே விளிக்க வேண்டியிருந்தது. உணவும் உடையும் அந்நிலத்துத் தம்புரான்களின் கையிலிருந்து வருவனவாகவே கருதப்பட்ட காலம் அது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936இல். கொச்சி அரசில் அதற்கும் பின்னரே. ஆகவே 1914இல், உணவும் உடையும் தருவோன் இறைவன் ஒருவனே, அவனே எங்கள் தம்புரான் என்று ஒரு சிறுவன் ஓதியபோது, அவன் பத்தியை மட்டும் வெளியிடவில்லை. யாருக்கு எது உரியது என்பதையும் திருத்தி எழுதினான்.

ஏகாரத்தின் இரு பொருள்

இவ்விடத்தில் மலையாளத்தின் ‘தன்னெ’ என்னும் அழுத்தச் சொல் நிற்கிறது. தமிழில் அதற்கு ஈடாவது ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறும் பொருள்களுள் தேற்றம், பிரிநிலை என்பன இரண்டு. ‘நீயே தம்பிரான்’ என்பதனைத் தேற்றமாகக் கொண்டால், ஐயமில்லை, உறுதி என்பது பொருள். பிரிநிலையாகக் கொண்டால், பிறர் எவரும் அல்லர் என்பது பொருள். தெய்வ தசகத்தில் இவ்விரண்டும் ஒருங்கே இயங்குகின்றன. இறைவனின் ஆளுகையை நம்புதல் என்பது விதியென்று அடங்கியிருத்தலாகத் திரிந்துவிடாமல் காப்பது இப்பிரிநிலைப் பொருளே ஆகும்.

குருவின் சொல்லைத் தலைவன்-அடியான் உறவின் எச்சம் என்று குறை கூறுவோரும் இருக்கலாம். ஆண்டானின் பெயரையே இறைவனுக்குச் சூட்டுவது அப்பெயருக்கு மதிப்பைக் கூட்டாதா என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானதே. எனினும் பிரிநிலை இருக்கும்வரை அப்பெயர் கூட்டப்படவில்லை, மனிதரிடமிருந்து மீட்கப்படுகிறது. பெயர்ப்பில் ஏகாரம் விடுபட்டால் அவர் கூறும் குறை உண்மையாகிவிடும்.

எனில் இன்றைய தமிழில் எச்சொல்லை ஆளலாம்? ‘தம்பிரான்’ இன்று சைவ ஆதீனத் துறவியரைச் சுட்டி நிற்பதால் பொது வாசகர்க்கு மயக்கம் தரும். ‘கடவுள்’, ‘இறைவன்’ என்பன சமூகத்தின் தம்புரான்களை நினைவூட்டா. ‘ஆண்டவன்’ என்பதில் ஆளுகை உண்டு. ‘ஆண்டான்’ என்னும் சொல் அதன் அருகிலேயே இருப்பதால் பிரிநிலையும் உணரப்படும். விடுபடும் நன்மைப் பொருளை அப்பாடலின் உணவும் உடையுமே ஈடுசெய்யும். அவற்றை முன்னும் ‘ஆண்டவன்’ என்பதனைப் பின்னும் வைக்கும் மூலத்தின் வரிசையை மாற்றாதிருத்தல் வேண்டும். முதலில் பெற்ற நன்மை, பின்னர் ஆளுகையின் ஒப்புதல் என்பதே இப்பாடலின் தருக்கம்.

முடிவுரை

முதற் பாடலில் கடக்கவேண்டிய கடல், பத்தாம் பாடலில் இறைவனின் ஒளிக்கடலாகி, அதில் ஆழ்தலும் வாழ்தலும் வேண்டப்படுகின்றன. ஆழ், வாழ் என்னும் எதுகை தமிழுக்கும் உரியதாதலால் பெயர்ப்பாளர்க்கு இது வரமாக அமைகிறது. கடல் அச்சத்துக்குரியது என்பதைப் பள்ளுருத்தியை அடுத்த செல்லானம் கரையோர மக்கள் நன்கறிவர். 2017இல் ஒக்கிப் புயலின்போதும் 2021இல் டவ்தே புயலின்போதும் அவர்கள் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. அத்தகையோர் வாயில் இப்பாடல் கடல் வாராது என்னும் உறுதியைத் தருவதில்லை. வந்தபோதும் கைவிடாதவன் யார் என்பதையே சொல்கிறது. நிகழ்ச்சியை நம்புதலுக்கும் ஆளை நம்புதலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காப்பதே தமிழாக்கத்தின் முதற்கடன் எனலாம்.