செட்டில் வராத கேசட்: வீடியோ கேம் சேகரிப்பும் அதன் உலக வரைபடமும்

1

நண்பர் ஒருவர் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சேகரிக்கிறார். பெட்டியில் கார்ட்ரிட்ஜ் என்று போட்டிருந்தாலும் நம்மூர்க் கடைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது கேசட்தான். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய கண்ணாடி அலமாரியில் ஒரே விளையாட்டு மூன்று முறை இருக்கிறது: 'கான்ட்ரா'வின் ஜப்பான் கேசட், அமெரிக்க கேசட், 'ப்ரோபோடெக்டர்' என்று பெயர் மாறிய ஐரோப்பிய கேசட். மூன்றையும் எடுத்து வைத்து வித்தியாசங்களைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை, ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கிறவர்களிடம் கண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கிய மஞ்சள் கேசட் ஒன்று என்னிடம் உண்டு. மேலே '9999999 இன் 1' என்று ஸ்டிக்கர். உள்ளே இருப்பதென்னவோ பத்துக்கும் குறைவான விளையாட்டுகள். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். அதில் கான்ட்ராவும் இருக்கிறது. நாலாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது டூப்ளிகேட்டுப்பா. செட்டுல வராது."

கோபப்பட ஒன்றுமில்லை. அவர் சொன்னது அந்த உலகத்தின் இலக்கணம். ஆனால் எது செட்டில் வரும், எது வராது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

2

முதலில் செட்டில் வருகிற மூன்றையும் வாசிப்போம். 1987இல் கொனாமி கம்பெனி கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக கான்ட்ராவை வெளியிட்டது. 1988இல் அது கேசட்டாக வந்தது. ஜப்பானியப் பதிப்பின்படி கதை நடப்பது 2633ஆம் ஆண்டு, நியூசிலாந்துக்கு அருகே இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு தீவில். அமெரிக்கக் கையேட்டில் இந்த எதிர்காலம் காணாமல் போய்விடுகிறது. களம் அமேசான் காடு, காலம் இன்று. திரையில் அதே காடு, அதே அருவி, அதே வேற்றுக்கிரகப் பிராணிகள். கூட வந்த ஒரு துண்டுத்தாளால் போர்க்களம் தென்னமெரிக்காவுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். நிகரகுவாவின் சாண்டினிஸ்டா அரசைக் கவிழ்க்க அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த படைகளின் பெயர் கான்ட்ரா. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணம் அவர்களுக்குப் போனது 1986 நவம்பரில் அம்பலமானது. அடுத்த சில மாதங்களில் இந்த விளையாட்டு வருகிறது. இயந்திரப் பதிப்பின் இறுதி இசைக்குச் சூட்டப்பட்ட பெயர் 'சாண்டினிஸ்டா'. யாரும் ஒன்றும் தெரியாமல் வைத்த பெயர்கள் என்று நம்புவது கஷ்டம். ஜப்பானியர்கள் இதே சொல்லை, போர்க்குணம் என்ற தொனி வரும்படி மூன்று சீன எழுத்துகளால் எழுதினார்கள். ஒரு செய்தித்தாள் சொல் அங்கே வீரப் புராணமாகிறது. அமெரிக்காவுக்குப் போனதும் தன் பழைய நிலப்பரப்பைத் தேடிக்கொள்கிறது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வன்முறையான விளையாட்டுகள் தடைப்பட்டியலில் சேர்ந்தால் அவற்றை விளம்பரப்படுத்த முடியாது, கடையில் வெளிப்படையாக வைக்கவும் முடியாது. எனவே 1990இல் வந்த ஐரோப்பிய கேசட்டில் நாயகர்கள் இருவரும் ரோபோக்கள். எதிரிப் படையாட்களும் ரோபோக்கள். சுடுவது குறையவில்லை, சாவது குறையவில்லை. செத்தவன் மனிதனில்லை என்று மட்டும் திருத்தப்பட்டது. ஒரே சட்டத்துக்காகச் செய்த திருத்தம் ஐரோப்பா முழுவதற்கும் போனது.

இன்னொரு சின்ன வேறுபாடு. ஜப்பான் கேசட்டில் காட்டு மரங்கள் காற்றில் அசையும். கட்டங்களுக்கு நடுவே கதை சொல்லும் படங்கள் வரும். கொனாமி தானே செய்த ஒரு சில்லை அந்த கேசட்டுக்குள் வைத்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஜப்பானுக்கு வெளியே நிண்டெண்டோ தன் சில்லுகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. அமெரிக்கக் காட்டில் மரங்கள் அசையாமல் நின்றுவிட்டன. காற்றைக்கூட ஒரு ஒப்பந்தம் நிறுத்தும்.

சேகரிப்பாளர் இவ்வளவையும் அறிவார். ஆனால் அவருடைய சொல்லாடலில் இவற்றுக்கு ஒரே பெயர்தான்: 'வேறுபாடு'. பனிப்போர், தணிக்கை, ஏகபோகம் ஆகிய மூன்றும் அரிய பொருளின் அடையாளக் குறிகளாகச் சுருங்கிவிடுகின்றன. அதிகாரம் கீறிய தழும்பை மச்சம் என்று ரசிப்பது மாதிரி.

3

இந்தப் பிராந்தியங்கள் எங்கிருந்து வந்தன? மொழி, பண்பாடு என்று பதில் சொல்வது வழக்கம். கருவியைத் திறந்து பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது.

1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கான கேசட்டில் 60 முனைகள். 1985இல் அதே கருவி உருமாற்றி நியூயார்க்கில் விற்கப்பட்டபோது 72 முனைகள், கூடவே ஒரு பூட்டு. கருவிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. இரண்டும் ஒரே எண்வரிசையை ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தாளம் தப்பினால் கருவி நொடிக்கொரு முறை அணைந்து அணைந்து எரியும். இந்தச் சில்லை நிண்டெண்டோ மட்டுமே தரும். கேசட் தயாரிப்பதும் அதுதான். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கம்பெனி ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது.

இதில் வேடிக்கை ஐரோப்பாவில் நடந்தது. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஒரு பூட்டு. ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட மற்ற நாடுகள் இன்னொரு பூட்டு. லண்டனில் வாங்கிய கேசட் ஜெர்மன் கருவியில் ஓடாது. இத்தாலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்ன பண்பாட்டு உறவு? ஒன்றுமில்லை. தொடக்கத்தில் அந்த மூன்று நாடுகளிலும் விநியோகம் மேட்டெல் கம்பெனியின் கையில் இருந்தது. அவ்வளவுதான். சேகரிப்பாளர்கள் 'பால் ஏ', 'பால் பி' என்று பக்தியோடு பிரித்து அடுக்குவது ஒரு விநியோக ஒப்பந்தத்தின் எல்லைக்கோட்டை.

சேகா கம்பெனியின் மெகா டிரைவ் இன்னும் வெளிப்படையானது. அதன் கேசட்டுகளின் நிரலுக்குள் தலைப்புப் பகுதியில் ஓரிடம் உண்டு. இந்த விளையாட்டு எங்கெல்லாம் ஓடலாம் என்று அங்கே எழுத்துகளால் குறித்திருப்பார்கள். ஜே, யு, ஈ: ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா. மூன்றும் இருந்தால் உலகம் முழுக்க ஓடலாம் என்று பொருள். உலகம் என்பதற்கு மூன்று எழுத்து போதுமாக இருந்திருக்கிறது! கருவிக்குள் இருக்கும் இன்னொரு குறி இன்னும் சுருக்கமானது: உள்நாடு, வெளிநாடு. உள்நாடு என்றால் ஜப்பான். நாமெல்லாம் ஒரே ஒரு 'வெளி'யில் அடக்கம்.

தொலைக்காட்சி முறைகள் வேறல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்; ஐரோப்பாவில், இந்தியாவில் 50 முறை. ஆனால் இந்த இடைவெளியை யார் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். 1991இல் வந்த 'சோனிக்' விளையாட்டை அதை உருவாக்கியவர்கள் வேகத்துக்காகவே செய்தார்கள். ஐரோப்பியக் கருவியில் அது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடியது. காசு கொடுத்து அசல் வாங்கிய பிள்ளைகள் அதுதான் வேகம் என்று நம்பி வளர்ந்தார்கள். அதேசமயம் தைவானின் யுஎம்சி நிறுவனம் நகல் கருவிகளுக்காகச் செய்த சில்லு, 50 முறை புதுப்பிக்கும் தொலைக்காட்சியிலும் ஜப்பானிய கேசட்டுகள் குழம்பாமல் ஓடும்படி காலக்கணக்கை மாற்றி அமைத்துக்கொண்டது. எல்லையைக் கட்டியவன் அசல். எல்லையைத் தாண்ட வழி செய்தவன் டூப்ளிகேட்.

4

இனி செட்டில் வராதவற்றுக்கு வருவோம்.

நாம்கோ கம்பெனி 1985இல் ஃபேமிகாமுக்கு 'பேட்டில் சிட்டி' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. செங்கல் சுவர்களுக்கு நடுவே டாங்கிகள். கீழே நாம் காக்க வேண்டிய கழுகுச் சின்னம். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இதன் கேசட் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. சேகரிப்பாளரின் பட்டியலில் இது 'ஜப்பான் மட்டும்'. ஆனால் சீனாவில், ரஷ்யாவில், இந்தியாவில் தொண்ணூறுகளில் வளர்ந்த எவரையாவது கேட்டுப் பாருங்கள். 'டாங்க் கேமா? அது தெரியாதா!' ரஷ்யாவில் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில், போலந்தில் 'பெகாசஸ்' என்ற பெயரில், இங்கே பெயரே இல்லாமல் 'டிவி கேம்' என்று விற்ற நகல் கருவிகளில் அது ஓடியது. இத்தனை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவான ஒரு நினைவு, 'ஜப்பான் மட்டும்' என்று பதிவாகியிருக்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தனக்குச் சொல்லப்பட்டதோ அதைப் பதிவு செய்திருக்கிறது.

கேசட்டுகளிலிருந்து உருவிய நிரல்களுக்குப் பெயரிட ஒரு பழைய முறை உண்டு. நாட்டுக்கு ஒரு குறி. சரிபார்த்த நல்ல பிரதிக்கு ஆச்சரியக்குறி. திருட்டுப் பதிப்புக்கு 'பி'. 'பி' என்பது எந்த நாடு? எந்த நாடும் இல்லை. ஜப்பானுக்கு ஓர் இடம் உண்டு, அமெரிக்காவுக்கு உண்டு. திருட்டுக்கு இடம் கிடையாது, குற்றம் மட்டுமே உண்டு. பூமியின் பாதிக்கு இந்த முகவரிதான் வாய்த்தது.

அசல் என்பது அவ்வளவு உறுதியான சமாச்சாரமா என்றால் அதுவும் இல்லை. 1987இல் ஜப்பானில் 'டோக்கி டோக்கி பேனிக்' என்று அராபிய உடையணிந்த ஒரு குடும்பத்தின் கதை வந்தது. 1988இல் அதன் ஆட்களை மாற்றி அமெரிக்காவில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்று விற்றார்கள். 1992இல் அது ஜப்பானுக்கே 'சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ' என்ற பெயரில் திரும்பி வந்தது. தலையை வெட்டி வேறு தலை ஒட்டுவதை நிண்டெண்டோ செய்தால் அது பதிப்பு. 1994இல் தைவான்காரர்கள் சோனிக்கின் உடலில் மாரியோவை ஒட்டி 'சொமாரி' என்று செய்தால் அது திருட்டு. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் வேண்டும், சரி. விமர்சனத்துக்கும் வரலாற்றுக்கும் ஏன் வேண்டும்? பிரதி என்ற தமிழ்ச் சொல்லுக்கு நகல் என்றும் பொருள், வாசிக்கத்தக்க பனுவல் என்றும் பொருள். நம் மொழிக்குத் தெரிந்தது நம் அலமாரிக்குத் தெரியவில்லை.

சந்தை இந்த வரைபடத்தை விலையாக மொழிபெயர்க்கிறது. 1987இல் பண்டாய் கம்பெனி வெளியிட்ட 'ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்', காலால் மிதித்து ஓடும் ஒரு விரிப்போடு ஆடுவது. அந்த விரிப்பின் உரிமையை நிண்டெண்டோ வாங்கியதும் அமெரிக்காவில் கேசட் திரும்பப் பெறப்பட்டு, ஏறக்குறைய அதே விளையாட்டு 1988இல் வேறு பெயரில் வந்தது. இன்று அந்த அமெரிக்க கேசட்டுக்குப் பல்லாயிரம் டாலர். ஐரோப்பிய கேசட்டுக்கு அதில் ஒரு சிறு பகுதிதான். பெயர் மாறிய பதிப்பு அற்ப விலை. திரையில் ஓடுவது மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. விலை இருப்பது ஸ்டிக்கரில்.

2021 ஜூலையில் உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு கோடிக்கும் மேல் விற்ற விளையாட்டு அது! தரம் பார்த்து எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். இனி அதை யாரும் ஆடப்போவதில்லை. பொருளைப் பயன் என்ற அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பவன் சேகரிப்பாளன் என்று கருதினார் வால்டர் பெஞ்சமின். விடுதலை கிடைத்தது, கிடைத்த கையோடு பரிவர்த்தனையின் சிறைக்குள் போயிற்று.

5

இதற்கெல்லாம் நண்பரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. கம்பெனிகள் கைகழுவிய பலவற்றைக் காப்பாற்றியது அவரைப் போன்றவர்கள்தான். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. அமெரிக்கச் சந்தைக்கே இந்த கதி. யாரும் கணக்கெடுக்காத சந்தைகளைப் பற்றி என்ன சொல்ல?

டூப்ளிகேட்டைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. 99 லட்சம் என்று போட்டு பத்து விளையாட்டைத் தலையில் கட்டுவது புரட்சி கிடையாது, வியாபாரம். என் மஞ்சள் கேசட்டின் கான்ட்ராவிலும் சட்டையில்லாத இருவர் காட்டுக்குள் ஓடி எதிர்ப்பட்டவரையெல்லாம் சுடுகிறார்கள். கையேடு இல்லாததால் அது அமேசானா நியூசிலாந்தா என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனிப் பெயரும் அழிக்கப்பட்டிருந்தது. யார் எதிரி, ஏன் எதிரி என்று கேட்காமலே சுட்டோம். நாலாவது பிரதி என்று நான் சொல்வது இதை: கதை பறிக்கப்பட்டு, துப்பாக்கி மட்டும் மிஞ்சிய கான்ட்ரா. மூன்றாம் உலகத்துக்கு வந்து சேர்ந்த பதிப்பு அது. அதையும் வைத்து வாசித்தால்தான் மற்ற மூன்றும் முழுமையாகப் புரியும்.

அதனால் செட் என்ற சொல்லை விட்டுவிடலாம் என்கிறேன். கம்பெனி வெளியிட்ட பட்டியலை நிரப்புவது ஒரு வேலை. ஒரு பொருள் யார் யார் கை மாறி எங்கெங்கே ஓடியது என்று எழுதிவைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நகல் கேசட்டுகளைத் திறந்து, சில்லுகளைப் படமெடுத்து, நிரலை உருவிப் பாதுகாக்கிற சிலர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாதது ஒன்றுண்டு: இங்கே அதை விற்றவர், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டவர், பழுது பார்த்தவர், ஊதி ஊதிச் செருகி ஆடியவர் இவர்களின் பேச்சு. அதை நாம்தான் பதிய வேண்டும். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, வச்சுட்டுப் போ, பாக்கலாம்" என்றார். மஞ்சள் கேசட் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது; அலமாரிக்குள் இல்லை, மேல். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் அதை எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அதற்குக் கையேடு வந்ததே இல்லை.