மனனமும் மனோதர்மமும்

மார்கழி இசைவிழாக் காலத்தில், மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து தியாகராய நகர் வரை, சபா வாசல்களில் காதில் விழும் விமரிசனம் ஒன்று உண்டு. ஒரு பாடகரைப் பற்றி, பாடாந்தரம் சுத்தம், ஆனால் மனோதர்மம் போதாது என்பார் ஒரு ரசிகர். மற்றொருவரைப் பற்றி அதனையே தலைகீழாகச் சொல்வார் அவருடைய நண்பர். குருவின் வாயிலாகக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்ட உருப்படிகளும் அவற்றின் வழியும் பாடாந்தரம். ராக ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் என மேடையில் அந்தக் கணத்தில் பிறப்பது மனோதர்மம். படைப்புச் சிந்தனை பற்றி உளவியலும் மூளை அறிவியலும் எழுப்பிவரும் வினாக்களை ஆராய இவ்விரு சொற்களைவிடப் பொருத்தமான கருவிகள் தமிழில் இல்லை என்றே நாம் கருதுகிறோம். (இசையின் ஆகுமை பற்றிய சட்ட விவாதம் தனியே நடத்தத் தக்கது, அதில் நாம் இங்கு புகவில்லை.)

இதனை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. தியாகராய நகரில் விநியோகிக்கப்பட்ட ஒரு துண்டறிக்கையுடன் நம் சமுதாயத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர் நம்மிடம் வந்தார். பிள்ளைகளின் 'வலது மூளையை'த் திறந்து, மனப்பாடத்திலிருந்து அவர்களை விடுவித்து, படைப்பாற்றலைப் பெருக்கித் தருவதாக அது உறுதி கூறியது. அவருடைய மகன் ஹிஃப்ழு வகுப்பில் படிக்கிறான். அவனை நிறுத்திவிடலாமா என்பதே அவர் கேள்வி.

வலது மூளைக் கதையை விரைந்து முடித்துவிடலாம். கடும் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981இல் நோபல் பரிசு பெற்றார். சில பணிகளில் இரு பாதிகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதே அவர் நிறுவியது. மனிதர்களை வலது மூளையர், இடது மூளையர் எனப் பிரித்தது பிற்காலத்துச் சந்தை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்தும் அப்படிப்பட்ட பிரிவினைக்குச் சான்று காணவில்லை.

உளவியலார் வகுத்த அளவுகோலும் நமக்கு முழு நிறைவு தருவதாக இல்லை. 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தில் கில்ஃபோர்டு ஆற்றிய தலைமையுரை இத்துறைக்குப் புத்துயிர் ஊட்டியது உண்மை. ஆனால் அவர் வழிவந்த சோதனைகளுள் பெயர்பெற்றது, ஒரு செங்கல்லுக்கு எத்தனை பயன்கள் சொல்ல முடியும் என்று கேட்பது. விடைகளின் புதுமையையும் வகையையும் கணக்கில் கொண்டாலும் எண்ணிக்கைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று ராகத்தின் முகத்தைக் காட்டும் வித்வானுக்கு இவ்வளவுகோல் என்ன மதிப்பெண் தரும்?

ஆழ்ந்து நோக்கத்தக்கது 2008இல் சார்லஸ் லிம், ஆலன் பிரௌன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. தொழில்முறை ஜாஸ் பியானோக் கலைஞர் 6 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, காந்தம் ஈர்க்காத 35 கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்றை மடியில் தந்தனர். கலைஞர்கள் மனனம் செய்த இசையை வாசித்தனர். பின் அப்போதே கற்பனை செய்தும் வாசித்தனர். கற்பனையாக வாசித்தபோது, செயல்களைக் கண்காணித்துத் திருத்தும் பணியோடு தொடர்புடைய முன்மடலின் பக்கவாட்டுப் பகுதிகளில் இயக்கம் தணிந்தது. தன்னைப் பற்றிய எண்ணத்தோடு தொடர்புடைய நடுப்பகுதியில் இயக்கம் மிகுந்தது. உள்ளே இருக்கும் கண்காணிப்பாளன் விலகி நிற்கப் படைப்பு பாய்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லப்பட்டது. மனப்பாடத்தைக் கைவிடுக என்போர்க்கு உவப்பான முடிவு இது.

கண்காணிப்பாளன் விலகட்டும், எவரிடமிருந்து விலகுகிறான் என்பதல்லவா வினா? அந்த 6 பேரும் பல்லாண்டுப் பயிற்சியில் தேர்ந்தவர்கள். பயிற்சி இல்லாதவரிடம் அவன் விலகினால் எஞ்சுவது ஓசை மட்டுமே. மேலும், கற்பனாஸ்வரம் பாடுபவர் சுரக் கோவையைத் தாளக் கணக்குத் தவறாமல் பல்லவியின் எடுப்பில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மிருதங்கக்காரர் எதிரே அமர்ந்து ஒவ்வோர் அசைவையும் வாங்கித் திருப்பித் தருகிறார். இங்கே கண்காணிப்பு முற்றிலும் ஓய்ந்துவிட்டது என எவ்வாறு கூற முடியும்? 2014இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் பியானோக் கலைஞர் 39 பேரிடம் கண்டது இன்னும் நுட்பமானது. கற்பனை இசையில் பயின்ற நேரம் கூடக்கூட முன்மடல் முதலிய கட்டுப்பாட்டுப் பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்தது. அதேவேளை, முன்மடலின் பல பகுதிகளுக்கிடையே இணைப்பு மிகுந்திருந்தது. மனமறிந்து செய்த கட்டுப்பாடு, நாளடைவில் கையிலும் மூச்சிலும் படிந்துவிடுகிறது என்றே இதனை நாம் வாசிக்கிறோம்.

கருவிக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. அதற்கு ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்களின் வாழ்வே சான்று. ஆந்திரத்தில் ஒங்கோலை அடுத்த கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர் அவர். தந்தையிடமும், பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் கற்றுத் தேர்ந்தவர் அத்துடன் அமைந்திருக்கலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரை அமைய விடவில்லை. தஞ்சைப் பாணியைத் தேடித் தமிழகம் வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்கு அளித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய ராக ஆலாபனையை 'இறையருள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அருளை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்றதை வைத்துக்கொண்டு மீண்டும் கற்கச் சென்ற அந்த முடிவை எந்த எம்.ஆர்.ஐ. படமும் காட்டாது, சீவாளியில் ஊதும் மூச்சுக்கு விடைசொல்லும் தவிலையும் அக்குழாய்க்குள் நுழைக்க இயலாது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். இப்னு ஸீனா அகப்புலன்களை வகுத்தபோது, பெற்ற உருவங்களைக் காத்துவைக்கும் ஆற்றலையும், அவற்றைப் பிரித்தும் இணைத்தும் புதியன புனையும் 'முதகய்யிலா' ஆற்றலையும் வேறுபடுத்தினார். பின்னதை மூளையின் நடு அறையில் இருத்திய அவரது உடற்கூறு இன்று செல்லாது, பாகுபாடு செல்லும். புனைவதற்குக் காப்பறையில் சரக்கு வேண்டும். தம் வரலாற்றை அவரே கூறுகிறார்: பத்து வயதில் குர்ஆனையும் இலக்கியத்தில் பெரும்பகுதியையும் முடித்தார், அரிஸ்டாட்டிலின் மீவியற்பியலை நாற்பது முறை படித்தும் விளங்காமல், ஃபாராபியின் சிறுநூல் ஒன்று கைக்கு வந்தபோது தெளிந்தார், சிக்கிய வினாக்களுள் பல உறக்கத்தில் விடை கண்டன. ஆயத்தம், உள்ளுறைவு, ஒளிர்வு, சரிபார்ப்பு என 1926இல் கிரஹாம் வாலஸ் வகுத்த நான்கு படிகளுள் முதல் மூன்றும் அந்தத் தன்வரலாற்றில் முன்னரே இருக்கின்றன.

இவ்வளவு சொன்னபின், நம் பக்கத்துக் குறையை மறைத்தல் நேர்மையாகாது. இறைவசனத்தை ஓதுவதில் கற்பனைக்கு இடமில்லை, கூடவும் கூடாது. ஆயின் ஓதியதன் மேல் சிந்திப்பதற்கு மார்க்கம் வைத்த பெயர் இஜ்திஹாத். இமாம் ஷாஃபிஈ இளமையிலேயே குர்ஆனையும் முவத்தாவையும் மனனம் செய்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதே இமாம்தான் இராக்கில் தாம் கூறிய தீர்ப்புகள் பலவற்றை எகிப்து சென்றபின் மறு ஆய்வு செய்து மாற்றினார். பழையது, புதியது என அவருடைய கருத்துகளை இன்றளவும் நம் மத்ரஸாக்களில் பிரித்துக் கற்பிக்கிறோம். அவர் எவ்வாறு மாற்றினார் என்பதையும் மனனமாகவே கற்பிக்கிறோம்! பாடாந்தரம் சுத்தம், மனோதர்மம் போதாது என்ற சபா வாசல் தீர்ப்பு நமக்கும் பொருந்துகிறது. துண்டறிக்கைகள் விலைபோவது இந்த வெற்றிடத்தினால்தான்.

அந்தத் தந்தையிடம் மகனை நிறுத்த வேண்டாம் என்றோம். பொருள் விளக்கமும் வினாவும் எப்போது தொடங்கும் என்று ஆசிரியரிடம் கேட்டுவரச் சொன்னோம். கேட்டுவிட்டுத் திரும்பினார். முதலில் முப்பது ஜுஸ்உவும் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம் ஆசிரியர். பையன் இப்போது பதினேழாவது ஜுஸ்உவில் இருக்கிறான்.